பனி அள்ளும் மெசின்கள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் சில குளிர்காலம் பனி அள்ளும் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது இங்கே உழவு மெசின் திருத்துகிறேன். கனடா, சுவிஸ் என்று புறப்படுகிற பிள்ளைகளும், அங்கே இருக்கும் மகன் போனில் சொன்னது பாதி விளங்காமல் வருகிற தகப்பன்மாரும் கராஜில் இருந்துகொண்டு கேட்கிற கேள்விகள் இவை. திரும்பத் திரும்பச் சொல்வதை விட எழுதி வைப்பது லேசு என்று தோன்றியது.

மழை பெய்தால் தண்ணீர் ஓடிவிடுகிறது. பனிக்கு மட்டும் ஏன் இவ்வளவு மெசினும் ஆர்ப்பாட்டமும்?

அது ஓடாது, அதனால்தான். நவம்பர், டிசம்பரில் நம் ஊரில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை கொட்டுவது புதினம் இல்லை. மறுநாள் வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விடும். அதே தண்ணீர் பனியாக விழுந்தால், பத்துக்கு ஒன்று என்ற பொதுக் கணக்கில், வாசலில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நிற்கும். விழுந்த இடத்திலேயே கிடக்கும், சில வருடம் மார்ச் வரைக்கும்.

பாரத்தையும் பாருங்கள். இரண்டு கார் நிறுத்தும் வீட்டு வாசல் ஒன்று 6 மீற்றர் அகலம், 12 மீற்றர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சென்ரிமீற்றர் பனி என்றால் 21 கன மீற்றருக்கு மேல் வரும். நல்ல குளிரில் விழுந்த உலர்ந்த புதுப்பனி கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் இருக்கும், ஆக மொத்தம் இரண்டு தொன்னுக்குக் கொஞ்சம் கூட. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும்போது விழும் ஈரப்பனியோ 300 கிலோவைத் தொடும். அப்போது அதே வாசலில் கிடப்பது ஆறரைத் தொன். எத்தனை அங்குலம் விழுந்தது என்று மட்டும் கேட்டால் வேலையின் அளவு பிடிபடாது. 15 சென்ரிமீற்றர் ஈரப்பனி, 30 சென்ரிமீற்றர் உலர்பனியை விடப் பாரம்.

தள்ளுகிற மெசின் நல்லதா, எறிகிற மெசின் நல்லதா?

தகடு பூட்டித் தள்ளுவது வேகம். ஒரு தோட்ட டிராக்டரில் 120 சென்ரிமீற்றர் அகலத் தகடு இருந்தால், நான் மேலே சொன்ன வாசலை, பனி குறைவாக இருக்கிற நாளில், தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். மெசினும் எளிமையானது, பெல்ட் இல்லை, சுழலுகிற பாகம் இல்லை. ஆனால் தள்ளிய பனி எங்கேயோ போய்ச் சேர வேண்டுமே. அது தகட்டுக்கு முன்னால்தான் சேருகிறது, கரையில்தான் குவிகிறது. ஜனவரி நடுவில் கரைக் குவியல் கல்லாக இறுகி, வாசல் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் ஒடுங்கிக்கொண்டே வரும். கடைசியில் கார்க் கதவு திறக்க இடம் இருக்காது.

எறிகிற மெசின் மெதுவாகப் போகும், ஆனால் பனியைத் தூக்கிப் பத்து மீற்றருக்கும் அப்பால் வீசிவிடும். இடப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குக் கூலியாகப் பெல்ட், விசிறி, கியர்பொக்ஸ், உடைகிற போல்ட் என்று கவனிக்க நிறைய இருக்கும். ஈரப்பனியில் அடைத்துக்கொள்ளும்.

என்னைக் கேட்டால்: ரொறன்ரோப் பக்கம், பனி விழுந்து இடையில் கரைந்தும் போகிற இடத்தில், கரையில் கொஞ்சம் புல்தரை இருந்தால் தகடு போதும். ஒட்டாவா, மொன்றியல் போல விழுந்தது நிற்கிற ஊரில், அல்லது இரு பக்கமும் மதில் உள்ள ஒடுங்கிய வாசலில், எறிகிற மெசின்தான் சரி. பணம் இருக்கிறவர்கள் இரண்டும் வைத்திருக்கிறார்கள். அதுவும் பிழை இல்லை.

ஒற்றைக் கட்டம், இரட்டைக் கட்டம் என்று கடையில் சொல்கிறார்களாம். என்ன வித்தியாசம்?

ஒற்றைக் கட்ட மெசினில் முன்னால் சுழலும் றப்பர்த் துடுப்புகளே பனியை வாரி, அவையே குழாய் வழியாக எறியும். துடுப்பு நிலத்தை உரசிக்கொண்டு ஓடுவதால் தார்த் தரையைச் சுத்தமாகத் துடைக்கும். 20 சென்ரிமீற்றர் வரையான பனிக்குச் சரி. பெண்கள், வயதானவர்கள் தூக்கித் திருப்பக்கூடிய பாரம்தான். சரளைக் கல் வாசலில் மட்டும் இதைப் போடவே கூடாது, கல்லைப் பொறுக்கிப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அனுப்பும்.

இரட்டைக் கட்டத்தில் முன்னால் இரும்புத் திருகு மெதுவாகச் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். பின்னால் வேகமாகச் சுழலும் விசிறி அதை வாங்கி எறியும். சில்லுகள் தாமாகவே ஓடும். வாய் 50 சென்ரிமீற்றர் உயரம் அளவில் இருக்கும். அடியில் இரு பக்கமும் இரும்புப் பாதம் உண்டு. அதை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயர்த்திப் பூட்டினால் திருகு கல்லைத் தொடாது, சரளை வாசலிலும் ஓட்டலாம்.

இந்த எறிகிற யோசனையே வயலில் இருந்து வந்தது. கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார்ட் என்பவர் தானியம் சூடடிக்கும் மெசினைப் பார்த்துத்தான் பனி எறியும் மெசினை யோசித்தார் என்பார்கள். 1925இல் செய்து முடித்து, 1927இல் மொன்றியலை ஒட்டிய ஊட்ரமோன் நகரத்துக்கு விற்றார். தம்பலகாமத்தில் சூடடிக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நின்று வைக்கோல் பறப்பதைப் பார்த்தவருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

புல் வெட்டுகிற டிராக்டர், தோட்ட டிராக்டர் இரண்டும் பார்க்க ஒன்று போலத்தானே இருக்கிறது? குதிரை வலுவும் அதே அளவு. ஏன் விலை இரட்டிப்பு?

நல்ல கேள்வி. கனடாவில் வீடு வாங்கின நம் ஆட்கள் பலர் இதில்தான் காசைக் கோட்டை விடுகிறார்கள்.

இரண்டிலும் 20 குதிரை வலு என்று எழுதியிருக்கும். அது பெரிய விஷயமே இல்லை. பனியில் மெசினை நிறுத்துவது எஞ்சினின் வலுக்குறைவு அல்ல, சில்லின் பிடிப்புக் குறைவு. புல்வெட்டும் டிராக்டர் 200 கிலோ சுற்றளவில் இருக்கும். தோட்ட டிராக்டர் 300, 400 கிலோ என்று போகும். சட்டம் தடித்த இரும்பு. பின் அச்சும் கியர்பொக்ஸும் நிலத்தில் ஊன்றி இழுப்பதற்கென்றே செய்தவை, கலப்பை கூடப் பூட்டலாம். புல்வெட்டும் டிராக்டரின் கியர்பொக்ஸ், சுமை இல்லாமல் புல்லின் மேல் உலாத்துவதற்கு. அதற்குத் தகடு பூட்டி ஈரப்பனியை முட்டினால் முதல் குளிர்காலத்தில் சத்தம் வரும், இரண்டாவதில் நின்றுவிடும். மூடி ஒட்டிய வகை என்றால் திருத்தவும் மாட்டார்கள், முழுதாக மாற்றச் சொல்வார்கள்.

இன்னொன்று, டிஃப் லொக். வயலுக்கு மாசி பெர்குசன் ஓட்டினவருக்கு இது தெரியும்: ஒரு சில்லு சேற்றில் சுற்ற, மற்றது சும்மா நிற்கும், காலால் லொக்கை மிதித்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். பனியிலும் அதே கதை. தோட்ட டிராக்டர் வகைகள் சிலவற்றில் அது உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், விளம்பரத்தில் பெரிதாகப் போட மாட்டார்கள்.

20 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பனி, சமதரை, கவனமான ஓட்டுநர் என்றால் புல்வெட்டும் டிராக்டரிலும் சமாளிக்கலாம். சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மெசினுக்கு இரக்கம் காட்டித்தான் ஓட்ட வேண்டும்.

தகடு கீழே இறங்குது, எஞ்சின் கத்துது, சில்லு சும்மா சுத்துது. என்ன செய்யலாம்? (பிரம்டனில் இருக்கும் மருமகனுக்காக உப்புவெளி மாமா ஒருவர் கேட்டது)

மூன்று வழி, மூன்றையும் சேர்த்தே செய்வார்கள்.

முதலாவது சங்கிலி. பின் டயர்களுக்குச் சங்கிலி மாட்டினால் பிடிப்பு எவ்வளவோ கூடும். புல்வெட்டும் டிராக்டரோடு வருகிற டயர் கிட்டத்தட்ட வழவழப்பானது, புல்லைக் கெடுக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். பனிக்கு அது உதவாது. சங்கிலியில் குறுக்குக் கோர்வை நெருக்கமாக இருக்கும் வகையை எடுங்கள். ஐதாக இருந்தால் சில்லு குதிக்கும், இடைவெளியில் வழுக்கும். நல்ல தார்த் தரையில் இரும்புச் சங்கிலி கீறல் போடும் என்பதால் சிலர் றப்பர்ச் சங்கிலி போடுவார்கள், பிடிப்பு சற்றுக் குறைவு.

இரண்டாவது பாரம். பின் சில்லின் நடுவில் இரும்புப் பாரம் பூட்டலாம், பின்பக்கம் தட்டு வைத்து மண் மூட்டையும் ஏற்றலாம். முன்னால் எறியும் மெசினைப் பூட்டினால் பின்பாரம் கட்டாயம் தேவை, ஏனென்றால் முன்னால் தொங்கும் சுமை பின் சில்லை நிலத்தில் இருந்து கிளப்பப் பார்க்கும்.

மூன்றாவது டயருக்குள் திரவம். இங்கே உழவு டிராக்டர் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது எல்லோரும் அறிந்தது. அங்கே வெறும் தண்ணீர் நிரப்பினால் உறைந்து கட்டியாகி, டயர் ஒரு பக்கம் பாரமாகச் சுழலும். கல்சியம் குளோரைட்டுக் கரைசல், பீட்ரூட் இனச் சீனிக்கிழங்குச் சாறு, கார்க் கண்ணாடி கழுவும் உறையாத திரவம் என்று ஏதாவது ஒன்றை நிரப்புவார்கள். கல்சியம் குளோரைட்டு மலிவு, ஆனால் டியூப் இல்லாத டயரில் ரிம்மை அரித்துவிடும்.

இவ்வளவும் செய்தும் ஒரு சரிவில் வழுக்கினால், அந்தச் சரிவில் ஏறி இருந்து ஓட்டும் மெசினை ஓட்டாதீர்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நேர் மேலே, நேர் கீழே. குறுக்காகப் போனால் புரளும்.

பனியை எந்தப் பக்கம் தள்ளுவது? ஏதாவது முறை இருக்கிறதா?

நான் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு எல்லாம் முதலில் சொன்னது இதைத்தான்: சாவியைத் திருப்புவதற்கு முன்னால் இறங்கி நின்று, எல்லாப் பனியும் எங்கே போகப்போகிறது என்று பாருங்கள். மெசின் ஓட்டப் பழகுவது ஒரு பின்னேர வேலை. இடம் பார்க்கப் பழகுவதற்குத்தான் காலம் எடுக்கும்.

பருவத்தின் முதல் பனியிலேயே, அது கொஞ்சமாக இருந்தாலும், தேவைக்கு மேல் தூரமாகத் தள்ளிவிட வேண்டும். புல்தரைக்குள் இரண்டு மூன்று மீற்றர் உள்ளே. டிசம்பரில் வாசல் ஓரத்திலேயே விட்டால், அது இறுகின பிறகு பெப்ரவரிப் பனிக்கு இடம் கிடையாது. இறுகின குவியலை வேகமாக முட்டி உடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். வளைவது தகடு, அல்லது அதைத் தாங்கும் சட்டம்.

நிலத்தில் எங்கே கல், எங்கே தண்ணீர்க் குழாய் மூடி, எங்கே பூச்செடி என்று பனி விழுவதற்கு முன்பே பார்த்துக் கம்பு நட்டு வைக்க வேண்டும். விழுந்த பிறகு எல்லாம் ஒரே வெள்ளை. தெருவில் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதை மூடிவிடக் கூடாது.

விழுந்து முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தகடு வைத்திருப்பவர் 10, 15 சென்ரிமீற்றர் சேர்ந்ததும் ஒரு தடவை தள்ளிவிட வேண்டும், பிறகு மறுபடி. 40 சென்ரிமீற்றர் சேர்ந்த பிறகு சின்ன மெசின் ஒன்றும் செய்யாது.

அப்புறம், நகரசபை வண்டி. தெருவைத் துப்புரவாக்கும் பெரிய வண்டி, நீங்கள் சுத்தமாக்கிய வாசலின் வாயில் ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். உப்பும் ஐஸ்கட்டியும் கலந்து, கிடக்கிற பனியிலேயே பாரமானது அதுதான். பார்த்தவுடன் கோபம் வரும், வண்டிக்காரரைத் திட்டிப் பயன் இல்லை. அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. கனடாவில் வாகனம் வலப்பக்கம் போகும், வண்டி பனியைத் தன் வலப்பக்கம் தள்ளும். தெருவைப் பார்த்து வாசலில் நின்றால் வண்டி உங்கள் இடப்பக்கம் இருந்து வருகிறது. ஆகவே வாசலுக்கு இடப்பக்கம், தெரு ஓரத்தில் கொஞ்ச இடத்தை வெட்டி வெறுமையாக்கி வையுங்கள். வண்டி சுமந்து வருவதில் ஒரு பங்கு அந்தக் குழியில் விழுந்துவிடும். உங்கள் வாசல் பனியை வலப்பக்கம் குவியுங்கள், வண்டி அதை இழுத்து மறுபடி உங்கள் வாசலுக்குள் கொண்டுவராது. இடப்பக்கம் ஓட்டிப் பழகின நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தெருவுக்குள் மட்டும் தள்ளக் கூடாது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், அனுமதி இல்லாமல் தெருவில் பனி போடுவதைத் தடுக்கிறது. பக்கத்து வீட்டு எல்லைக்குள்ளும் வேண்டாம், வேலிச் சண்டை அங்கேயும் வரும்.

நம்ம லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) அங்கே வேலை செய்யுமா?

சிரித்துக்கொண்டே கேட்பார்கள், ஆனால் பாதிக்குப் பதில் "ஆம்". சுவிற்சர்லாந்து, இத்தாலி மலைப் பக்கங்களில் இரண்டு சில்லு நடை டிராக்டருக்கு முன்னால் தகடோ எறியும் மெசினோ பூட்டிப் பனி அள்ளுவது சாதாரணம். சுவிசில் ராபிட், ஆபி, இத்தாலியில் பிசிஎஸ் போன்றவை அதற்கான இணைப்புகளைச் செய்கின்றன. அவற்றின் பிடியை மறுபக்கம் திருப்பி வைத்து, கருவி முன்னால் வர ஓட்டலாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஓடுகிற நம்முடைய மெசினில் அது நடக்காது. மண் கிளறும் சுழலி பின்னால், எஞ்சின் முன்னால், வலு போவது பக்கத்துப் பெல்ட்டில். முன்னால் எறியும் மெசினைச் சுழற்ற வழியே இல்லை. அதை விடப் பெரிய தடை தண்ணீர். மேலே திறந்து தண்ணீர் ஊற்றும் அந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினை ஒரு மைனஸ் 10 பாகை இரவு வெளியில் விட்டுப் பாருங்கள், விடியும்போது புளொக் வெடித்திருக்கும். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய விரியும், வார்ப்பு இரும்பு அதைத் தாங்காது.

ஆனால் லேண்ட்மாஸ்டர் ஓட்டினவரின் கை அங்கே பெரிய சொத்து. சேற்றில் இரும்புச் சில்லு மாட்டி, புதையப் போகிறது என்பதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, கிளச்சை விட்டுப் பிடித்து எடுத்தவருக்குப் பனியில் பயம் வராது. அங்கே பிறந்து வளர்ந்த பையன்கள் எக்ஸலேற்றரை மிதித்துக் குழி தோண்டிக்கொண்டு நிற்பார்கள்.

எறிகிற மெசின் ஈரப்பனியில் அடைத்துக்கொண்டால்?

இதை இரண்டு தடவை வாசியுங்கள். கை வைக்கக் கூடாது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, எல்லாம் நின்றுவிட்டதா என்று பார்த்து, மெசினோடு வருகிற துப்புரவுக் கரண்டியாலோ உறுதியான தடியாலோ மட்டும் அடைப்பை எடுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டில் இழுவை மிச்சம் இருக்கலாம். அடைத்த பனியை எடுத்தவுடன் விசிறி அரைச் சுற்று திரும்பும். அந்த அரைச் சுற்றில் விரல் போனவர்கள் வட அமெரிக்காவில் ஒவ்வொரு குளிர்காலமும் வைத்தியசாலைக்கு வருகிறார்கள், கையுறை போட்டிருந்தும்.

பிடியில் ஒரு லீவர் இருக்கும். கையை எடுத்தால் திருகு நின்றுவிடும். நம் ஆட்கள் கை உளைகிறது என்று சைக்கிள் டியூப்பை வெட்டி அதை இறுக்கிக் கட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், இங்கே எத்தனை மெசினில் அப்படி அவிழ்த்திருக்கிறேன். அதைக் கட்டவே வேண்டாம்.

அடைப்பு வராமல் செய்யவும் முடியும். எறிகிற மெசினுக்கு எஞ்சின் எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டும், ஏனென்றால் எறிகிற தூரம் விசிறியின் வேகத்தில் இருக்கிறது. பனி கூடினால் குறைக்க வேண்டியது சில்லின் வேகத்தை. வாயின் முழு அகலத்தையும் கொடுக்காமல் பாதி அகலம் எடுத்துப் போகலாம். குழாயின் உட்புறத்தில் சிலிக்கன் தெளிப்பானோ மெழுகோ பூசினால் ஒட்டுவது குறையும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் எறியுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள் வரும்போது நீங்களே ஒரு குவியலாக இருப்பீர்கள்.

திருகில் இருக்கும் போல்ட் அடிக்கடி உடைகிறது. கட்டியான போல்ட் ஒன்று போடலாமா?

கூடாது. அது உடைவதற்கென்றே செய்த மென்மையான போல்ட். ஐஸ்கட்டியோ, பனிக்குள் புதைந்த பத்திரிகைக் கட்டோ திருகில் சிக்கினால், அது உடைந்து கியர்பொக்ஸைக் காப்பாற்றும். வன்போல்ட் போட்டால் கியர் பல் போகும். அதே அளவு, அதே வகைப் போல்ட் ஒரு கைப்பிடி வாங்கி மெசினிலேயே வைத்திருங்கள். உடைவது நள்ளிரவில்தான், கடை பூட்டியிருக்கும்போதுதான்.

குளிரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா?

ஆகும், சரியான ஒயில் இருந்தால். இங்கே போடுகிற தடித்த ஒயில் அங்கே தேன் போல நிற்கும். சின்னப் பெற்றோல் எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 பொதுவாகச் சரி, கையேட்டைப் பாருங்கள். டீசல் என்றால் குளிர்காலத்துக்கான டீசல் அடிக்க வேண்டும். கோடையில் அடித்த டீசலில் மெழுகு உறைந்து வடியை அடைக்கும். மைனஸ் 18 பாகையில் பற்றரி தன் வலுவில் பாதியளவுதான் தரும், அதனால் இரவில் சார்ஜரில் போட்டு வைப்பது நல்லது.

கராஜைப் பூட்டிக்கொண்டு உள்ளே எஞ்சினைச் சூடாக்க வேண்டாம். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. பனியில் மாட்டின காருக்குள் எஞ்சினை ஓடவிட்டு இருப்பதும் அப்படித்தான், புகைக் குழாய் பனியில் மூடியிருந்தால் ஆளை முடித்துவிடும். இது மெசின் ஓட்டாதவர்களுக்கும் தெரிய வேண்டியது.

உப்புப் போட்டால் எல்லாம் கரைந்துவிடாதா? பிறகு எதற்கு மெசின்?

மூடிக் கிடக்கும் பனிக்கு உப்புப் போட்டுத் தீராது. அள்ளின பிறகு தரையில் ஒட்டி நிற்கும் மெல்லிய ஐஸுக்குத்தான் உப்பு. சாதாரண உப்பு மைனஸ் 10 பாகை அளவுக்குக் கீழே சோம்பிவிடும். கல்சியம் குளோரைட்டு மைனஸ் 25 வரையும் தாங்கும், விலை கூட. அதற்கும் கீழே போனால் மணல் தூவி வழுக்கலைக் குறைப்பதோடு சரி.

பெரிய தெருக்களை எப்படிச் செய்கிறார்கள்? ஜேசிபி போடுவார்களா?

வாகனத் தரிப்பிடங்களில் ஜேசிபி வகைகளும், நின்ற இடத்தில் சுழலும் சின்ன லோடர்களும் ஓடும். அவற்றின் வாளியைக் கழற்றி, மூன்று பக்கமும் மூடின பெரிய பெட்டி ஒன்றைப் பூட்டித் தள்ளுவார்கள். பனி பக்கத்தால் வழியாது. வேலை பிடிக்கும் தம்பிமார் பெரும்பாலும் தகடு பூட்டிய பிக்கப் வாகனத்தில்தான் தொடங்குவார்கள்.

மொன்றியலில் அள்ளுவதோடு முடியாது. பெரிய எறியும் மெசின் ஒன்று தெருவோரம் மெதுவாக நகர, பக்கத்தில் லொறிகள் வரிசையாக நடந்து வரும், ஒன்று நிறைய அடுத்தது. அதற்கு முன்னால் கார்களை எடுக்கச் சொல்லிச் சைரன் ஊதுவார்கள். அள்ளினதைக் கொட்டும் இடங்களில் ஒன்று பிராங்கோன் என்ற பழைய கல் அகழி. அங்கே நிற்கும் பனிமலை கோடையிலும் முழுதாகக் கரைவதில்லை. 1999 ஜனவரியில் ரொறன்ரோவில் விழுந்த பனிக்கு மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே கூப்பிட்டார். மற்ற ஊர்க் கனேடியர்கள் அதைச் சொல்லி இன்றைக்கும் ரொறன்ரோக்காரரைக் கேலி செய்வார்கள்.

இந்த வேலைக்குப் போனால் என்ன மாதிரி?

பனி விழுந்தால் வேலை, விழாவிட்டால் இல்லை. முதலாளிக்குப் பருவம் முழுவதற்கும் சேர்த்து ஒப்பந்தக் காசு வரும், அல்லது தள்ளின தடவைக்குக் காசு. உங்களுக்கு எந்த முறையில் தருவார் என்று முதலிலேயே கேளுங்கள், காத்திருக்கும் இரவுக்கும் காசு உண்டா என்றும் கேளுங்கள். வேலை தொடங்குவது நள்ளிரவு தாண்டி, முடிய வேண்டியது ஆட்கள் வேலைக்குப் புறப்படுவதற்கு முன். நித்திரை கெட்டு ஓட்டுவதுதான் மெசினை விட ஆபத்து.

எந்த இடம், எத்தனை மணி, உப்புப் போட்டதா என்று எழுதி வைக்கச் சொல்வார்கள். சும்மா பேப்பர் வேலை என்று நினைக்காதீர்கள். ஒருவர் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் அந்தக் குறிப்புத்தான் சாட்சி. ஒன்ராறியோவில் 2021 ஜனவரி கடைசியில் இருந்து, பனியில் விழுந்து காயப்பட்டவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்கள் குறிப்பும் படமும் அதுவரைக்குமாவது பத்திரமாக இருக்கட்டும்.

அங்கே இருக்கும் அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மெசின் எதற்கு, சவளால் அள்ளுகிறேன் என்கிறார். விடலாமா?

ஈரப்பனியை விடவே வேண்டாம். குளிரில் இரத்தக் குழாய் ஒடுங்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் ஏறும். இரண்டும் சேர்ந்து மாரடைப்பு வருவது அங்கே வைத்தியர்கள் வருடா வருடம் எச்சரிக்கிற விஷயம். பிரஷர், இருதய வருத்தம் இருந்தால் சவளைத் தொடவே கூடாது. அப்பா கேட்க மாட்டார் என்றால் சின்ன ஒற்றைக் கட்ட மெசின் ஒன்று வாங்கிக் கொடுங்கள், மெசின் என்றால் எங்கள் அப்பாமார் தாமாகவே வருவார்கள்.

இங்கே இருந்தே ஏதாவது பழகிக்கொண்டு போகலாமா?

பழகலாம். டிராக்டரை இழுவைப் பெட்டியோடு பின்னுக்கு நேராக எடுக்கப் பழகுங்கள், கண்ணாடியை மட்டும் பார்த்து. வயல் மட்டம் தட்டும் பலகையைப் பூட்டி, எங்கே அழுத்தம், எங்கே தூக்கல் என்று கைக்குப் பிடிபடும் வரை ஓட்டுங்கள். பெல்ட் மாற்ற, காபரேற்றர் கழற்றிக் கழுவத் தெரிந்தவனை எந்த முதலாளியும் விட மாட்டார். குளிரைத்தான் இங்கே பழக முடியாது. நுவரெலியாவில் ஜனவரியில் புல்லில் உறைபனி பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு போனால் அங்கே சிரிப்பார்கள்.

பழைய மெசின் வாங்குவதென்றால் எப்போது, எதைப் பார்த்து?

மார்ச் கடைசி, ஏப்ரல். பனியைப் பார்த்தே சலித்தவர்கள் கராஜில் இடம் வேண்டும் என்று விலையைக் குறைப்பார்கள். நவம்பரில் முதல் பனி விழுந்த மறுநாள் போனால் அதே மெசினுக்கு விலை ஏறியிருக்கும்.

பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருகில் இருக்கும் மென்போல்ட்டைக் கழற்றுங்கள், திருகைக் கையால் சுற்றிப் பாருங்கள். நடுத்தண்டின் மேல் தனியாகச் சுழல வேண்டும். சுழலாவிட்டால் உள்ளே துருப் பிடித்து ஒட்டிவிட்டது, இனிப் போல்ட் உடையாது, கியர்பொக்ஸ்தான் உடையும். பிறகு கியர்பொக்ஸ் அடியில் ஒயில் கசிவு, விசிறியை ஆட்டிப் பார்த்தால் பெயாரிங் ஆட்டம், அடிப் பாதங்கள் தேய்ந்து ஓட்டையா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாங்கி வந்ததும் உப்பைக் கழுவி, காயவைத்து, நிப்பிள்களுக்கு எல்லாம் கிறீஸ் அடித்து, பெற்றோலை வடித்து, காபரேற்றர் வெறுமையாகும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். பழைய பெற்றோல் ஆறு மாதத்தில் பிசின் ஆகி காபரேற்றர் துளையை அடைக்கும். புகைக் குழாய் வாயில் ஒரு துணியைத் திணித்து விடுங்கள், அங்கேயும் எலி கூடு கட்டும். நவம்பரில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்தத் துணியை எடுக்க மறக்காதீர்கள்.